நான்கரை வருடம் பார்த்த மோசமான தொடருக்கு என் சொந்த விருதுகள்

வாசகர் கேள்வி, செப்டம்பர் 5, 2022

நேற்று கலைவாணர் அரங்கில் 2009 முதல் 2014 வரையிலான திரைப்பட விருதுகளையும் 2009 முதல் 2013 வரையிலான சின்னத்திரை விருதுகளையும் தமிழக அரசு மொத்தமாகக் கொடுத்து முடித்திருக்கிறது. நல்ல தொடர்களுக்குத் தாமதமாகவாவது விருது வந்துவிடுகிறது. மோசமான தொடர்களுக்கு யார் கொடுப்பது? மோசமான தொடரை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை, பார்த்தேன் என்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர் உண்டா?

செப்டம்பர் 5, இரவு 10.20

உண்டு. 2013 ஆடியில் தொடங்கி 2018 தையில் முடிந்த ஒரு தொடரை, இடையில் சில வாரங்கள் போக, முழுதாகப் பார்த்தவள் நான். திங்கள் முதல் வெள்ளி வரை இரவு எட்டரை மணி. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பகுதிகள். தொடரின் பெயரைச் சொல்லமாட்டேன், சேனலையும் சொல்லமாட்டேன். அதில் நடித்தவர்களில் பாதிப் பேர் இன்று வேறு தொடர்களில் அழுதுகொண்டிருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பில் நான் கை வைப்பதாக இல்லை.

முன்னோட்டம் வந்தபோதே அம்மா, "ஆடியில் ஆரம்பிக்கிறார்கள், விளங்கினாற்போலத்தான்" என்றாள். விளங்கவில்லை. ஆனாலும் ஓடியது.

கதை இதுதான்: பெரிய வீடு. தொழிலதிபர் அப்பா, மூன்று மகன்கள், விதவை அத்தை ஒருத்தி. ஏழை வீட்டுப் பெண் மூத்த மருமகளாக வருகிறாள். மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

முதல் விருது. சிறந்த நடிப்பு: கூடத்துக் கதவு. நான்கரை வருடத்தில் அதன் பின்னால் நின்று ஒட்டுக்கேட்காதவர் அந்த வீட்டில் இல்லை. அத்தை கேட்பாள், சின்ன மருமகள் கேட்பாள், சம்பந்தி கேட்பார், ஒருமுறை காவல்துறை ஆய்வாளரே கேட்டார். கதவு மட்டும் முகபாவத்தை மாற்றிக்கொள்ளாமல் நின்றது.

செப்டம்பர் 5, இரவு 11.05

இரண்டாவது விருதையும் கொடுத்துவிட்டே தூங்குகிறேன். மிக நீளமான படியேற்றம். மூத்த மருமகள் பால் டம்ளருடன் மாடிக்குப் போகிறாள், பாலில் அத்தை ஏதோ கலந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை முதல் படியில் கால் வைத்தாள். வெள்ளிக்கிழமை டம்ளர் கைதவறிக் கீழே விழுந்தது. நான்கு நாளில் ஏறியது பதினான்கு படி. எங்கள் வீட்டு மாடிப்படியும் பதினான்குதான், நான் ஏறிப் பார்த்தேன், ஒன்பது நொடி ஆகிறது.

செப்டம்பர் 6

எப்படி நான்கு நாள் இழுக்கமுடியும் என்று ஒருவர் கேட்கிறார். அந்தக் காலத்திலேயே ஒரு நாள் கைப்பேசியில் நேரம் குறித்து வைத்தேன். அரை மணி நேரத் தொடர் என்பது விளம்பரம் போக ஏறத்தாழ இருபது நிமிடம். அதில் முந்தைய நாள் கதை, தலைப்புப் பாடல், நாளைய காட்சி எல்லாம் போக மிச்சம் பதினாறு, பதினேழு. கூடத்தில் பதினொரு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் "இவள் என் மகளே இல்லை!" என்கிறார். உடனே பதினொரு முகங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டவேண்டும், ஒவ்வொன்றையும் மூன்று தடவை, தடவைக்கு இரண்டு நொடி, தடவைக்கு ஒரு இடி. அறுபத்தாறு நொடி போயிற்று. கடைசியில் நாய்க்குட்டி இருந்தால் அதற்கும் ஆறு நொடி. ஒரு வசனத்துக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு எழுத வேண்டியது பதினேழு வசனம்.

அந்த நாய்க்குட்டிக்கு ஆறுதல் பரிசு. 2014-இல் காணாமல் போனது, யாரும் தேடவில்லை.

செப்டம்பர் 8

வியாழக்கிழமை. அந்தக் காலத்தில் வியாழன் என்றால் எங்களுக்குக் கொஞ்சம் திக்கென்றிருக்கும். 2015 முதல் பார்க் அமைப்பின் பார்வையாளர் கணக்கு வாரா வாரம் வியாழனன்று வரத் தொடங்கியது. கணக்கு இறங்கினால் அடுத்த வாரமே வீட்டில் யாருக்காவது விபத்து நடக்கும். இன்னும் இறங்கினால் தொடர் இரவு பத்தரைக்கோ மதியம் இரண்டுக்கோ தள்ளப்படும். மதியத்துக்குப் போன தொடர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனது மாதிரி.

அதனால், சிறந்த மருத்துவ சேவை: மூத்த மருமகள் அனுமதிக்கப்பட்ட மருத்துவமனை. ஏழு மாத ஆழ்மயக்கம். தலையைச் சுற்றிக் கட்டு, ஆனால் கட்டுக்கு வெளியே தழைந்த பின்னல், காதில் ஜிமிக்கி, நெற்றியில் பொட்டு கலையவில்லை. குளுக்கோஸ் பாட்டில் தொங்குகிறது, குழாய் போர்வைக்குள் போய் எங்கோ முடிந்துவிடுகிறது. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி, "இருபத்திநான்கு மணி நேரம் கழித்துத்தான் எதையும் சொல்லமுடியும்" என்றார். சொன்னது ஐப்பசியில். அடுத்ததாக அவர் வாய் திறந்தது சித்திரையில்.

என் பெரியம்மா அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் செவிலியராக இருந்தவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்தக் காட்சிகள் வரும்போது மட்டும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

செப்டம்பர் 8, சிறிது நேரம் கழித்து

அக்கா தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினாள். கூடத்தில் கதவே கிடையாதாம். அது திரைச்சீலையாம், மயில்கழுத்து நிறத்தில், கீழே தங்கச் சரிகைக் கரையோடு. யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது சரி. கதவு இருந்தது வேறு ஒரு தொடரில். ஆனால் வீடு ஒன்றுதான்! அந்த வீட்டை அதற்குப் பிறகு குறைந்தது மூன்று தொடர்களில் பார்த்துவிட்டேன். வளசரவாக்கத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் படப்பிடிப்புக்கென்றே வாடகைக்கு விடும் வீடுகள் இருக்கின்றன. நம் வில்லி விஷம் வைத்த சமையலறையில் அடுத்த மாதம் இன்னொரு குடும்பம் சீமந்தம் நடத்தும்.

விருது திரைச்சீலைக்கு மாற்றப்படுகிறது. கதவு மன்னிக்கவும்.

செப்டம்பர் 11

அந்தக் குடும்பத்தின் தொழில் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. "கம்பெனி" என்பார்கள். கம்பெனி என்ன தயாரிக்கிறது, யாருக்கு விற்கிறது, ஒரு தகவலும் கிடையாது. மேசை மேல் கோப்புகள், எதிரே கைகட்டி நிற்கும் மேலாளர், அவ்வளவுதான். கோப்பைத் திறக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். அப்படிப் போட்ட கையெழுத்தில்தான் சொத்து முழுவதும் அத்தை பெயருக்குப் போனது. ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. இரண்டாம் முறை அத்தைக்கே சலித்திருக்கும்.

தொழில் என்று நாங்கள் கண்ணால் கண்டது டெண்டர் மட்டும். ஐம்பது கோடி ரூபாய் அரசுப் பாலம். எதிரிக் கம்பெனிக்காரன் முதல்நாள் இரவு நம் ஆட்களின் உறையை வீட்டிலேயே பிரித்துத் தொகையைப் பார்த்து, ஒரு ரூபாய் குறைத்துப் போட்டுவிடுகிறான்.

இங்கேதான் எங்கள் வீட்டில் ஒரு சம்பவம். அப்பா ஓய்வுபெறும்வரை அரசு அலுவலகத்தில் ஒப்பந்தப் பிரிவில் இருந்தவர். எட்டரை மணிக்கு நாங்கள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தால் அவர் ஓரமாக நாற்காலி போட்டு நாளிதழை விரித்துக்கொள்வார். "இந்தக் கண்றாவியை எப்படிப் பார்க்கிறீர்கள்" என்று தினம் ஒருமுறை சொல்வார். அன்றைக்கு நாளிதழுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "அரக்கு முத்திரை எங்கே? டெண்டர் போட்டவர்கள் முன்னிலையில்தான் உறையையே பிரிக்கவேண்டும். 1998-இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது."

அம்மாவும் நானும் திரும்பிப் பார்த்தோம். தாள் அசையவில்லை.

செப்டம்பர் 11, இரவு

அதிலிருந்து நான் அப்பாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். எட்டரையிலிருந்து ஒன்பது வரை அவர் பக்கம் திருப்பியதே இல்லை. திருப்பினால் விளம்பர இடைவேளையில். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். அரை மணியாக அவர் படித்துக்கொண்டிருந்தது ஒரு முழுப்பக்க ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, குளம் தூர்வாருவது.

செப்டம்பர் 14

இவருக்குப் பதில் இவர்.

இந்த மூன்று சொற்களுக்கே ஒரு விருது கொடுக்கவேண்டும். ஒருவர் வாசலைத் தாண்டி அலுவலகம் போகிறார், மாலையில் இன்னொருவர் திரும்பி வருகிறார், கீழே ஒரு வரி ஓடுகிறது, மனைவி காபி கொடுக்கிறாள். இரண்டாவது மகனுக்கு இப்படி மூன்று பேர். முதலாமவர் நெட்டை. இரண்டாமவர் குட்டை, குரல் மட்டும் அதே குரல், ஏனென்றால் பின்னணி பேசியவர் மாறவில்லை. மூன்றாமவருக்குக் குரலும் மாறியது. எங்கள் அம்மா இந்த வரிகளைப் படிப்பதே இல்லை. இரண்டாமவர் வந்த அன்று, "பாவம், அலைச்சலில் இளைத்துவிட்டான்" என்றாள். மூன்றாமவர் வந்தபோது, "தாடி எடுத்ததும் முகமே மாறிப்போயிற்று" என்றாள். அவளுக்கு அது கடைசி வரை ஒரே பையன்தான்.

கூடத்தில் ஒரு பெரிய குடும்பப் படம் மாட்டியிருந்தது. அதை மட்டும் யாரும் மாற்றவில்லை. மூன்றாவது ஆள், முதலாவது ஆளின் படத்துக்குக் கீழே நின்று, "இந்தக் குடும்பத்தில் எனக்கு இடமே இல்லையா?" என்று கத்தினார். உண்மையிலேயே இல்லை. மேலே பாருங்கள், சுவரில் வேறொருவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் காட்சிக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது. நடுவர் குழு நான்தான்.

செப்டம்பர் 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, நம் ஊரில்தான் இந்தக் கூத்து என்று ஒருவர் பெருமூச்சு விட்டிருக்கிறார். அப்படி ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் டல்லாஸ் என்ற தொடரில் செத்துப்போன கதாநாயகன் 1986-இல் குளியலறையிலிருந்து ஈரத்தோடு வெளியே வந்தான். அதற்கு முந்தைய ஒரு வருடக் கதை முழுவதும் அவன் மனைவி கண்ட கனவு என்று சொல்லிவிட்டார்கள். நம் ஆட்கள் ஆற்றில் விழுந்தவரைத்தான் திரும்பக் கொண்டுவருவார்கள், சடலம் கிடைக்காதவரை யாரும் சாகவில்லை என்பது இங்கே விதி. ஒரு வருடத்தையே கனவாக்கும் துணிச்சல் நம்மிடம் இல்லை.

விருது என்றதும் இன்னொன்று. ஆல் மை சில்ட்ரன் என்ற தொடரில் நடித்த சூசன் லூச்சி, எம்மி விருதுக்குப் பதினெட்டு முறை பரிந்துரைக்கப்பட்டுப் பதினெட்டு முறையும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். 1999-இல் பத்தொன்பதாவது முறை கிடைத்தது. நம் அரசு விருதின் எட்டு வருடத் தாமதமெல்லாம் ஒரு தாமதமா?

இந்த வகைத் தொடர்களுக்கு அங்கே சோப்பு நாடகம் என்று பெயர் வந்ததே, வானொலிக் காலத்தில் சோப்பு கம்பெனிகள் பணம் போட்டு நடத்தியதால்தான். நம் தொடரின் இடைவேளையிலும் சலவைத்தூள்தான். சட்டையில் பட்ட குழம்புக் கறை பத்து நொடியில் போய்விடும். இடைவேளை முடிந்ததும் மூத்த மருமகள் மேல் விழுந்த பழி தொடரும். அது போக மூன்று வருடம் ஆயிற்று.

செப்டம்பர் 19

கர்ப்பம். தை முதல் வாரத்தில் மருத்துவர் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னார். பொங்கல் சிறப்புப் பகுதி, நன்றாக நினைவிருக்கிறது. குழந்தை பிறந்தது அடுத்த வருடம் பங்குனியில். பதினான்கு மாதம். நடுவில் ஒரு ஏழாம் மாத வளைகாப்பு, அது மட்டும் இரண்டு வாரம். பிறந்தது துண்டு சுற்றிய பொட்டலம். அழுகுரல் துண்டிலிருந்து வராமல் அறையின் நாலு மூலையிலிருந்தும் வந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை "ஆறு வருடங்களுக்குப் பிறகு" என்று போட்டார்கள், பொட்டலம் பள்ளிச் சீருடையில் இறங்கி வந்தது. பாட்டிக்கு ஒரு நரை கூடவில்லை. அத்தை வைத்திருந்த கைப்பேசி கூட அதேதான்.

மின்வெட்டுக் காலத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். தொடர் தொடங்கிய சமயம் எங்கள் திருச்சியில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்லமுடியாது. வாரத்தில் இரண்டு பகுதியாவது இருட்டில் போய்விடும். மறுநாள் உட்கார்ந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. விசிறிக்கொண்டே அம்மா ஊகித்துச் சொன்ன கதைதான் நடந்திருக்கும், சில நாள் அவள் கதை மேலாகவும் இருக்கும். சிறந்த திரைக்கதை விருதை அந்த இருட்டில் அம்மா சொன்ன பகுதிகளுக்குக் கொடுக்கிறேன்.

செப்டம்பர் 20

ஒரு விருதைத் திரும்பப் பெறவேண்டியிருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை, எழுதி வைத்திருந்தேன். மூத்த மருமகளாக நடித்தவர் ஒவ்வொரு வசனத்துக்கும் முன் எங்கோ வெறித்துப் பார்த்து மூன்று நொடி நிறுத்துவார். "இட்லி வெந்துவிட்டதா?" என்றால் மூன்று நொடி. "என் கணவர் உயிரோடு இருக்கிறாரா?" என்றாலும் மூன்று நொடி. "தத்துவார்த்த மௌனத்துக்கான விருது" என்று தலைப்பெல்லாம் போட்டு வைத்திருந்தேன்.

என்னுடன் கல்லூரியில் படித்த ஒருவர் சில காலம் தொடர்களில் உதவி இயக்குநராக இருந்தார். நேற்று அவரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மௌனத்தில் தன்னைப் போன்ற ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார் என்றார். நடிகை அதைக் காதால் வாங்கித் திருப்பிச் சொல்கிறார், பிறகு பின்னணிக் குரலில் நடிகையின் குரலும் போய்விடும், உதவி இயக்குநரின் குரலும் போய்விடும், மௌனம் மட்டும் மிஞ்சும். கதாநாயகிகள் பலர் கர்நாடகத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ வருபவர்கள், வசனத்தாள் சில நாள் படப்பிடிப்பு நடக்கும்போதே வந்து சேரும். பொருள் முழுதும் தெரியாத மொழியில், அன்று காலைதான் எழுதிய வரியை, ஒருமுறை கேட்டுவிட்டு அழுதுகொண்டே சொல்லவேண்டும். எனக்கு எழுதிக் கொடுத்தாலும் வராது.

தலைப்பை அடித்துவிட்டேன். விருது இருக்கிறது. நேர்மையான காரணத்துக்காக அவருக்கே.

செப்டம்பர் 20, பிறகு

மேலே உள்ளதைப் படித்தால் நான் திருந்திவிட்டதாகத் தோன்றுகிறது. இல்லை. 2014-இல் நாதஸ்வரம் தொடர் தன் ஆயிரமாவது பகுதியைக் காரைக்குடியில் ஒரே ஷாட்டில் நேரலையாக நடத்திக் காட்டியது. இடையில் வெட்டு இல்லை, தவறினால் திருத்த வழியில்லை. நம் தொடர் தன் ஆயிரமாவது பகுதியில் என்ன செய்தது? அத்தை ஜன்னலோரம் நின்று பழையதை நினைத்துப் பார்த்தாள். இருபது நிமிடமும் பழைய காட்சிகள், அவற்றில் மூன்று காட்சியில் இரண்டாவது மகன் மூன்று வேறு ஆள். சிக்கன விருது.

செப்டம்பர் 25

கல்யாணக் கணக்கு. மூத்த மகனுக்கு மொத்தம் மூன்று கல்யாணம், "அதிக முகூர்த்தம் கண்ட கழுத்து" விருது அவருக்கு. மாலை போட்டுப் போட்டே தேய்ந்திருக்கும்.

முதலாவதில் மணப்பெண் ஓடிவிட, பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஏழைப் பெண்ணை மேடையேற்றினார்கள். இரண்டாவது, அவள் ஆற்றில் போய்விட்டாள் என்று நம்பி அத்தையின் நாத்தனார் மகளோடு. மூன்றாவது, பழைய தாலி தீயில் போனதால் முதல் மனைவியோடே மறுபடி.

செப்டம்பர் 25, அக்காவுக்குப் பதில்

அக்கா சொல்கிறாள், மூன்று இல்லையாம். இரண்டாவது கல்யாணத்தில் இரண்டு முடிச்சு விழுந்த நிலையில்தான் வாசலில் "நிறுத்துங்கள்!" என்று குரல் வந்தது, மூன்றாவது முடிச்சு விழவில்லை, ஆகவே இரண்டே இரண்டு கல்யாணமும் மூன்றில் இரண்டு பங்கும்தான். அவள் கணக்கு ஆசிரியை, விடமாட்டாள். மூன்றாவது முடிச்சை நாத்தனார்தானே போடுவாள், மாப்பிள்ளை தன் பங்கை முடித்துவிட்டான், முழுக் கல்யாணம்தான் என்று நான் வாதாடினேன். "அந்த வீட்டில் நாத்தனாரே கிடையாது, மூன்றும் மகன்கள்" என்றாள். வாயடைத்துப்போனேன்.

தற்காலிக முடிவு: இரண்டும் மூன்றில் இரண்டும்.

அக்டோபர் 3

மகா சங்கமத்தை விட்டுவிட்டேனே என்று கேட்டவருக்கு: வேண்டுமென்றே விடவில்லை, நான் அதைப் பார்க்கவில்லை. அந்த வாரம் அலுவலகப் பயிற்சிக்காக வெளியூரில் இருந்தேன். நம் நகரத்துப் பணக்காரக் குடும்பம், அதே சேனலின் கிராமத்துத் தொடர் ஒன்றில் வரும் திருவிழாவுக்குப் போய், இரண்டு குடும்பமும் ஐந்து நாள் ஒரு மணி நேரம் சேர்ந்து ஓடியது. அம்மா சொன்ன சுருக்கம்: "கூட்டம் ஜாஸ்தி. யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியவில்லை. தேர் நன்றாக இருந்தது." அக்காவும் அப்போது பிரசவத்துக்குப் பிறகான தூக்கமின்மையில் இருந்ததால் அவளுக்கும் நினைவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "நான் எங்கே பார்த்தேன்" என்றார்.

தேருக்கு விருது, கேள்வி ஞானத்தில்.

அக்டோபர் 9

சந்திரலேகா தொடர் முடிந்துவிட்டதாம். 2014-இல் தொடங்கியது, 2,300 பகுதிகளைத் தாண்டிவிட்டது. கோலங்கள் 2009-இல் முடிந்தபோது 1,533 பகுதி என்று வாய் பிளந்தோம். இவற்றின் முன் நம் ஆயிரத்து நூறு ஏதோ சிறுகதை.

நம் தொடர் முடிந்தவிதத்தையும் சொல்லிவிடுகிறேன். வேகமான மனமாற்றம்: அத்தை. நான்கரை வருடம் விஷம், தீ, ஆள்கடத்தல், இரண்டு போலிப் பத்திரம். எல்லாவற்றையும் கூடத்தின் நடுவில் நின்று சத்தமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள், இரண்டடி தள்ளி நிற்கும் மருமகளுக்குக் கேட்காது. அப்படிப்பட்டவள் கடைசி வெள்ளிக்கிழமை எட்டு நாற்பதுக்குக் காலில் விழுந்தாள், எட்டு நாற்பத்திரண்டுக்கு மன்னித்தார்கள், எட்டு ஐம்பதுக்கு எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு டம்ளர் பாலுக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டவர்கள்! அதுவும் தெரியும், நேரம் வேறு தொடருக்குப் போயாகிவிட்டது, திங்கட்கிழமை எட்டரைக்கு வேறொரு ஏழைப் பெண் காத்திருக்கிறாள்.

வேலைக்காரம்மாவுக்கு ஒன்று கொடுக்காமல் முடிக்கமுடியாது. தொடரின் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மாறாத ஒரே முகம் அவர். தட்டில் ஆறு டம்ளர் காபி எடுத்து வருவார். வில்லி திட்டினால் தட்டைச் சாய்த்தபடி திரும்புவார், ஒரு சொட்டு சிந்தாது, எல்லாம் காலி டம்ளர். நான்கரை வருடமும் "சரி அம்மா" தவிர வேறு வசனம் இல்லை. கடைசிக் குடும்பப் படத்தில் அவரைக் கூப்பிடவில்லை. படம் எடுத்ததே அவர்தான். அத்தையின் கைப்பேசியை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மிகவும் கவனமாக எடுத்தார். அந்த ஒரு நொடியில் அவர் நடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. வாழ்நாள் சாதனை.

அக்டோபர் 10

ஒன்று பாக்கி. சிறந்த பார்வையாளர்: அப்பா. தொடரையே பார்க்காமல் ஆயிரத்து நூறு பகுதிகளைப் பின்தொடர்ந்ததற்காக.

நேற்று இரவு உணவுக்குப் பிறகு இந்தக் குறிப்புகளை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மா பால் டம்ளருக்குச் சிரித்தாள். அப்பா நாளிதழை மடிக்காமலே கேட்டார். அவருடைய விருதை அறிவித்ததும், "உளறாதே, எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்" என்றார். சரி என்று எழுந்தேன். அறை வாசல் வரை போயிருப்பேன்.

"கல்யாணக் கணக்கு தப்பு" என்று பின்னாலிருந்து வந்தது. "மலைக்கோயிலில், தேர் அன்றைக்கு, மாறுவேடத்தில் மாலை மாற்றிக்கொண்டார்களே. அது அந்தக் கிராமத்துத் தொடர் கணக்கில் போய்விடுமா?"

திருத்தம்: மூன்றும் மூன்றில் இரண்டும்.